எந்த நாடு என்று கேட்பதற்கு முன் எவ்வளவு கடன் என்று கேளுங்கள்

மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளையை முதுகலைப் படிப்புக்கு வெளிநாடு அனுப்பும் பேச்சு எழுந்தால், முதலில் நாட்டின் பெயரைத்தான் எடுக்கிறார்கள். வங்கி எவ்வளவு கடன் தரும் என்பது தெரியாமல் நாட்டை முடிவுசெய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நஞ்சை இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். தவறிய கடனுக்கு ஈடான சொத்தை நீதிமன்றம் செல்லாமலே வங்கிகள் கையகப்படுத்த வழிவிடும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் விளைநிலத்துக்குப் பொருந்தாது என்பதால், கல்விக் கடனுக்கு வயலை ஈடாக ஏற்க வங்கிகள் பொதுவாகத் தயங்குகின்றன. ஆகவே வீடு அல்லது மனையின் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றுடன் வங்கிக்குச் சென்று, கிடைக்கும் தொகையை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, விசாவுக்காக ஒவ்வொரு நாடும் கேட்கும் தொகையைப் பாருங்கள். கனடா, கியூபெக் நீங்கலாக, கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடிய டாலரும், ஆஸ்திரேலியா அதேபோல் 29,710 ஆஸ்திரேலிய டாலரும் காட்டச் சொல்கின்றன. இதைக் காட்டுவதற்காக வட்டிக்கு வாங்கிச் சில வாரம் கணக்கில் வைத்திருப்போரும் உண்டு. பிள்ளை அங்கே இறங்கியதும் கைச்செலவுக்கே திண்டாட நேரும் என்பதால் அதைச் செய்யாதீர்கள்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர்கள் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள், வேறு சில பல்கலைக்கழகங்களும் கட்டணம் வாங்கத் தொடங்கியுள்ளன. விசாவுக்காக, மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கவிடும் பிளாக்டு அக்கவுண்ட் என்ற வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ போட்டு, மாதம் 992 யூரோ எடுத்துக்கொள்ளலாம். இந்தியக் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் கிடைத்தாலும், ஜெர்மன் மொழி தெரியாமல் அந்தக் காலம் போதாமல் போகலாம். மொழி கற்கும் பொறுமை உள்ள பிள்ளைக்கு, நடுத்தரக் குடும்பத்தின் கடன்சுமையை எண்ணி, நான் இந்த நாட்டையே முன்வைப்பேன்.

பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டில் முடிகிறது. ஆனால் படிப்புக்குப் பின் தங்கும் இரண்டாண்டுக் காலம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகக் குறைகிறது. அமெரிக்காவில் 12 மாதப் பணிப்பயிற்சிக் காலத்துடன் அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும்.

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கான பணம் தேவைப்படும் ஆனி, ஆடியில் குறுவைச் செலவு கழுத்தைப் பிடிக்கும். எனவே மாசியில் சம்பா நெல் விற்ற கையோடு அந்தத் தொகையில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.