95 காட்டிய மூன்றாவது சிலிண்டர்

போன மாதம் கொழும்பு மாளிகாவத்தையில் இருக்கும் எங்கள் கராஜுக்கு ஒரு டொயோட்டா 110 கொரோலா கார் வந்தது. ஐடிலில் நடுக்கம், ஏற்றத்தில் இழுவை இல்லை. "எஞ்சின் முடிஞ்சுது, மாத்தத்தான் வேணுமெண்டு ஒரு இடத்தில சொல்லிட்டாங்க பாஸ்" என்றார் சொந்தக்காரர். நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது (கொம்பிரஷன்) என்று காட்டும் கேஜை ஒவ்வொன்றாகப் பூட்டினேன். 175, 170, 95, 172. எல்லாம் பி.எஸ்.ஐ. என்ற அழுத்தக் கணக்கு.

மூன்று சிலிண்டர் நன்றாக இருக்கிற எஞ்சினை யாராவது தூக்கி எறிவார்களா? கொம்பிரஷன் பார்க்கும்போது இலக்கம் எவ்வளவு என்பதைவிட, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டொயோட்டா கையேடுகளில் பெரும்பாலும் 14 பி.எஸ்.ஐ.க்குள் என்றிருக்கும். பழைய வண்டியென்றால், கூடியதில் முக்கால் பங்காவது குறைந்ததில் இருந்தால் ஓடவிடலாம்.

அளக்கும் முறை பிழைத்தால் இலக்கமும் பொய் சொல்லும். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பற்றரி நல்லதாக இருக்க வேண்டும். பெற்றோல் பம்ப் பியூஸையும் கொயில் வயரையும் கழற்றிவிடுங்கள். எக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தபடி, எல்லா சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுங்கள். நான் ஆறு அடி, அதாவது பிஸ்டன் ஆறு தரம் அழுத்தும்வரை, எண்ணுவேன்.

தொழில் பழகிய புதிதில் ஒரு வண்டியில் நான்கும் 90 காட்டின. பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையங்களான ரிங்ஸ் தேய்ந்துவிட்டது என்று, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிவிட்டேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. சீட்டில் இருந்த பையன் எக்ஸிலேட்டரை மிதிக்கவே இல்லை! இரண்டு நாள் கூலி என் கையிலிருந்து போனது. அதனால், எல்லாம் ஒரே அளவாகக் குறைந்தால் முதலில் உங்களைச் சந்தேகியுங்கள். அப்புறம், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தாவியிருக்கிறதா என்று பாருங்கள். ரிங்ஸ் கடைசியில்தான்.

முள் ஏறுகிற விதத்தையும் கவனியுங்கள். நல்ல சிலிண்டரில் முதல் அடியிலேயே பாதிக்கு மேல் பாயும். ரிங்ஸ் தேய்ந்திருந்தால் தாழ்வாகத் தொடங்கி, அடிக்கு அடி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வால்வு கசிந்தால் தாழ்வாகவே நின்றுவிடும். இந்தக் கொரோலாவின் மூன்றாவதில் 60க்குப் போனது, 95க்குப் போனது, பிறகு அசையவில்லை.

சரி, உறுதி செய்ய பிளக் ஓட்டையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளந்தேன். ரிங்ஸ் பழுதென்றால் ஒயில் இடைவெளியை அடைத்து இலக்கம் நன்றாக ஏறியிருக்கும். வந்தது 98தான். பக்கத்துச் சிலிண்டரும் சேர்ந்து குறைந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கஸ்கட் போயிருக்கலாம் என்று நினைத்திருப்பேன். இங்கே ஒன்றுதான்.

பிஸ்டனைக் கொம்பிரஷன் அடியின் உச்சிக்குக் கொண்டுவந்து, எஞ்சின் சுழலாதபடி கியரில் போட்டு, பிளக் ஓட்டையால் காற்றடித்தேன். ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்ஸ், காற்று உள்ளே போகும் வழியில் சீறினால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கஸ்கட். சைலன்சர் வாயில் காதை வைத்தேன். பாம்பு மாதிரிச் சீறியது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், புகை வெளியேறும் ஒரு எக்ஸோஸ்ட் வால்வின் விளிம்பில் நகக்கீற்று அளவுக்கு எரிந்த வெட்டு. வால்வை மாற்றி, அது அமரும் சீட்டைத் தீட்டிப் பூட்டியபின் மூன்றாவது 168 காட்டியது.

கொரோலாவின் இலக்கத்தை வைத்துக்கொண்டு அக்வா, பிரியஸ் ஹைபிரிட் வண்டிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவற்றில் இன்டேக் வால்வு பிந்தி மூடுவதால் இயல்பாகவே குறைத்துத்தான் காட்டும். நுவரெலியா உயரத்தில் அளந்தாலும் கொழும்பைவிடக் குறையும். டீசல் வண்டிக்குப் பெற்றோல் கேஜைப் பூட்டாதீர்கள், ஒயிலும் ஊற்றாதீர்கள்.