ஊரடங்கில் கெட்ட தூக்கம் சரியான விதம்

2020 ஏப்ரல் இறுதியில் தமிழகத்தின் ஒரே பச்சை மண்டலமாக (கொரோனா தொற்று இல்லாத மாவட்டமாக) இருந்த கிருஷ்ணகிரியிலும் அங்கன்வாடியும் தெரு விளையாட்டும் நின்றுபோக, எங்கள் நான்கு வயது மகள் நள்ளிரவு தாண்டியும் உறங்காமல் புரண்டாள். வெதுவெதுப்பான பால், எண்ணெய்க் குளியல், இரவில் கைப்பேசியை ஒளித்துவைப்பது என எதுவும் பலிக்கவில்லை.

மாலை ஐந்து மணிவாக்கில், கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கைப்பேசி மார்பில் சரிய, பாதி மூடிய கண்களுடன் அவள் அயர்ந்துவிடுவதைப் பிறகுதான் கவனித்தோம். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் விழித்திருக்கிறாள் என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். இந்த வயதினருக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவும், ஒரு மணி நேரத்துக்கு மிகாத திரையும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

அந்த மாலை வேளையில் மொட்டைமாடியில் ஓடவிட்டு, காலை ஏழு மணிக்கே எழுப்பி வெயிலில் விளையாடவிட்டோம். ஒன்பதரைக்கே தூக்கம் வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமையும் எழுப்பும் நேரத்தை மாற்றாததால் அது நிலைத்தது.