சேனை வைக்கத் தேன் வேண்டாம்

பிள்ளை பிறந்ததும் நாக்கில் ஒரு சொட்டுத் தேன் தொட்டுச் சேனை வைப்பது நம் வீடுகளில் பலருக்கும் வழக்கம். ஆசை புரிகிறது. ஆனால் ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது. மருந்து குழைத்துக் கொடுக்கவும், சூப்பானில் தடவவும் கூடத்தான்.

காரணம் பொட்டுலிசம் என்ற நோய். மண்ணிலும் தூசியிலும் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் கலந்திருக்கலாம். நம் குடலில் அவை முளைக்காமல் போய்விடும். பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். குழந்தைகளுக்கு இப்படி வருவதை 1976-ல் கலிபோர்னியாவில்தான் முதலில் கண்டறிந்தார்கள்.

"மலைத்தேன், சுத்தமானது" என்பார்கள். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காய்ச்சினாலும் பயனில்லை, கொதிநீரிலேயே தாங்கும் வித்து அது.

இந்த நோய் வந்தால் பெரும்பாலும் முதலில் மலச்சிக்கல். பிறகு பால் உறிஞ்சத் திணறும், அழுகை ஈனமாகும், இமை சரியும், தூக்கினால் தலை தொய்ந்து விழும். இப்படிக் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேன் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு.

பாலூட்டும் அம்மா தேன் சாப்பிடலாம், பயமில்லை.