‘யுனெஸ்கோ சொல்லிடுச்சு’ என்கிறோமே, சொன்னது யார்?

கோவைப் பக்கம் கல்லூரிகளில், மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக நடிக்கும் மாதிரி ஐ.நா. கூட்டங்கள் இப்போது அடிக்கடி நடக்கின்றன. அப்படி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு கூடுவதாகப் பாவனை. ‘இந்தியா’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் பொள்ளாச்சிப் பையன் ஒருவன். நாலு நிமிடம் பிசிறில்லாமல் பேசினான், நல்ல கைதட்டல். அப்புறம் டீ இடைவேளை. அவன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று மாணவிகள் ஜன்னலோரம் ஒரு லேப்டாப்பைச் சுற்றி நின்று தீர்மான வரைவை முடித்துவிட்டார்கள். சாயங்காலம் திரையில் தீர்மானம் வந்தபோது அவன் கேட்டதில் ஒரு வரிகூட இல்லை. “ஏனுங்க சார், நான் நல்லாத்தானுங்களே பேசுனேன்?” என்று வந்து நின்றான்.

நல்லாத்தான் பேசினான். பேச்சையே பேச்சுவார்த்தை என்று நினைத்ததுதான் தவறு. நம் பக்கத்து மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வெளியே சத்தமாகச் சொல்லும் விலை வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. உண்மையான விலை, தரகர் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடிக்கும்போதுதான் பேசப்படுகிறது. யுனெஸ்கோவின் தலைமையகம் இருக்கும் பாரிஸிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒத்துப்போகாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். சிறு குழுக்கள் உட்கார்ந்து அந்த அடைப்புகளை ஒவ்வொன்றாக நீக்கும். அவையில் ஒலிக்கும் உரை பெரும்பாலும் பதிவுக்காகவும் ஊருக்குச் சொல்லிக்கொள்வதற்காகவும்.

வரைவில் உட்கார்ந்த பிறகும் ஒரு தவறு உண்டு. புதிதாக வருகிறவர்கள் ‘மிகவும்’, ‘ஆழ்ந்த’ போன்ற அடைமொழிகளுக்காக மல்லுக்கட்டுவார்கள். கண் இருக்க வேண்டியது வினைச்சொல்லில். ‘முடிவு செய்கிறது’ என்றால் காரியம் நடக்கும். ‘கேட்டுக்கொள்கிறது’ என்றால் யாரோ ஒருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ‘அழைப்பு விடுக்கிறது’ என்றால் வந்தால் வரலாம். ‘கவனத்தில் கொள்கிறது’ என்றால் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ‘பார்க்கலாமுங்க’ என்று மாமனார் சொல்வதைப் போல. உங்கள் பத்தி முழுவதையும் விட்டுவைத்து, வினையை மட்டும் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வீடு திரும்புவீர்கள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததென்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. பொய். அப்படி ஒரு போட்டியும் இல்லை, பட்டமும் இல்லை. ஆனால் இதைப் பொய்யென்று தெரிந்தவர்கள்கூட யுனெஸ்கோவை ஒற்றை ஆளாகத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் பொது மாநாடு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லா நாடுகளும் கூடும், நாட்டுக்கு ஒரு வாக்கு. அடுத்து 58 நாடுகள் கொண்ட நிர்வாகக் குழு. அப்புறம் தலைமை இயக்குநரும் செயலகமும். உலகப் பாரம்பரியச் சின்னங்களைச் சேர்ப்பது இவை எதுவும் இல்லை. 1972 உலகப் பாரம்பரிய உடன்படிக்கைப்படி அமைந்த, 21 நாடுகளின் குழு.

இதற்கு நம் மலையே சாட்சி. 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. வால்பாறைக்கு மேலே இருக்கும் புல்மலையும் அதில் ஒன்று. ‘விஞ்ஞானிகள் ஆராய்ந்து கொடுத்த அங்கீகாரம்’ என்று மேடைகளில் சொல்கிறார்கள். இயற்கைத் தலங்களை மதிப்பிடும் ஐ.யு.சி.என். அமைப்பின் நிபுணர்கள் அந்த முறை சொன்னது வேறு: முன்மொழிவைத் தள்ளிவைத்து, எல்லைகளையும் நிர்வாக ஏற்பாட்டையும் சீர்செய்து கொண்டுவரச் சொன்னார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய 21 நாடுகளின் பிரதிநிதிகள் அந்தப் பரிந்துரையைத் தாண்டிச் சேர்த்தார்கள். இந்தியாவும் அப்போது குழுவில் இருந்தது. மலைக்குத் தகுதி இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், தாராளமாக இருக்கிறது. நிபுணர் குறிப்பே முடிவு என்று நம்பிக் கையைக் கட்டி உட்காரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். முடிவு நாடுகளின் கையில்.

இதற்கு நேர் எதிரான பயமும் உண்டு. ‘யுனெஸ்கோ வந்தால் மலையைப் பிடுங்கிக்கொள்வார்கள்’ என்று டீக்கடையில் கேட்டிருக்கிறேன். நிலத்தின் இறையாண்மை அந்தந்த நாட்டுக்கே என்று 1972 உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் போய்ப் பாருங்கள். ஊட்டி ரயில் 2005-ல் பட்டியலில் சேர்ந்தது; டிக்கெட் கொடுப்பது இன்றைக்கும் தெற்கு ரயில்வேதான்.

‘அங்கே நம்ம ஆள் இருந்தால் போதும்’ என்பது இன்னொரு மயக்கம். வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா அங்கே துணைத் தலைமை இயக்குநராகவே இருந்தவர். ஆனால் செயலக ஊழியர்கள் எந்த அரசிடமும் உத்தரவு கேட்கக் கூடாது என்பது அமைப்பின் சாசன விதி. அவர்களிடம் சலுகை கேட்டுப் போனால் உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நிர்வாகத்தைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குவது. பையன்கள் எல்லோரும் பண்பாடு, அமைதி என்று பேசும் குழுவுக்கே ஓடுகிறார்கள். பட்ஜெட், விதிமுறைக் குழு காலியாகக் கிடக்கிறது. ஜப்பானைப் பாருங்கள். 1937-ல் சீனாவின் நான்கிங் நகரில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையின் ஆவணங்கள், 2015-ல் யுனெஸ்கோவின் ஆவணப் பாரம்பரியப் பட்டியலான ‘உலக நினைவகம்’ பதிவேட்டில் ஏறின. ஜப்பான் எதிர்த்தது, 2016-க்கான சந்தாவை வருடக் கடைசி வரை நிறுத்தி வைத்தது. ஆனாலும் அந்தப் பதிவு நீக்கப்படவில்லை. மாறியது விதிமுறை. வருடக்கணக்கான பேச்சுக்குப் பின் 2021-ல் புது நெறிமுறை வந்தது: விண்ணப்பம் அரசு வழியாக வர வேண்டும், மற்ற நாடு ஆட்சேபிக்கலாம், கடைசி முடிவு நிர்வாகக் குழுவுடையது. ‘நடைமுறைத் திருத்தம்’ என்ற சலிப்பூட்டும் தலைப்புக்குக் கீழேதான் வரலாற்றுச் சண்டையே நடந்தது.

பணம் கொடுப்பவன் சொல்வதுதான் நடக்கும் என்றும் முடிவுகட்டாதீர்கள். 2011-ல் பாலஸ்தீனத்தை உறுப்பினராக்கும் வாக்கெடுப்பில் ஆதரவு 107, எதிர்ப்பு 14, நடுநிலை 52. பட்ஜெட்டில் 22 விழுக்காடு கொடுத்துவந்த அமெரிக்கா உடனே பணத்தை நிறுத்தியது. அமைப்பு தள்ளாடியது, வேலைகள் நின்றன, உண்மைதான். ஆனால் பாலஸ்தீனம் உறுப்பினராகவே இருந்தது. 2013-ல் வாக்குரிமை இழந்தது அமெரிக்கா. குலதெய்வக் கோயில் நோம்பிக்கு வரி கட்டாத பங்காளிக்குக் கூட்டத்தில் பேச்சில்லை, அதே கணக்கு. ஒரு வித்தியாசம், நம் தலைக்கட்டு வரி எல்லோருக்கும் சமம். அங்கே சந்தா வசதியைப் பொறுத்தது, வாக்கு மட்டும் சமம். 2018 கடைசியில் அமெரிக்கா வெளியேறியது, 2023-ல் திரும்பியது, 2025-ல் மறுபடியும் விலகல் அறிவித்தது. 1984-லும் நிர்வாகத்தைக் குறைசொல்லி விலகிய நாடுதான். அதனால் கோபித்துக்கொண்டு போகிறவரைப் பற்றித் தீர்மானத்தில் காரமாக எழுதாதீர்கள். திரும்பி வந்து பக்கத்து நாற்காலியிலேயே உட்காருவார்.

தலை எண்ணிக்கை கையில் இருக்கிறதென்று வாக்கெடுப்புக்கு அவசரப்படுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2005-ல் பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்முகத்தன்மைக்கான உடன்படிக்கை 148-க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்த இருவரில் ஒருவர் அமெரிக்கா. சினிமாவையும் இசையையும் அதிகம் ஏற்றுமதி செய்யும் அந்த நாடு இன்றுவரை அதில் சேரவில்லை. இதற்காகப் பலர் ஒருமித்த கருத்தே உத்தமம் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. எல்லோருக்கும் பிடித்த வாக்கியம் பல சமயம் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத வாக்கியமாகிவிடுகிறது. ரகசிய வாக்கு என்றால் கணக்கே வேறு. 2009-ல் தலைமை இயக்குநரைத் தேர்ந்தெடுக்க நிர்வாகக் குழு நடத்திய வாக்கெடுப்பில் நான்காம் சுற்று 29-க்கு 29. அடுத்த சுற்றில் பல்கேரியாவின் இரினா பொகோவா 31-க்கு 27 என்று ஜெயித்தார். ‘உங்களுக்குத்தான் போடுவோம்’ என்று கை கொடுத்துச் சொன்னவர்களின் பட்டியலை அங்கே நம்ப முடியாது.

பொள்ளாச்சிப் பையன் போன வாரம் போன் செய்தான். அடுத்த கூட்டத்தில் அவனுக்கு பட்ஜெட் குழுவாம். “இந்தத் தடவை லேப்டாப் நான் கொண்டு போறனுங்க சார்” என்றான்.

“சார்ஜரையும் எடுத்துக்கங்க தம்பி” என்றேன்.