ஒப்பரேஷனுக்கு முதல் கிழமை

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்ததும், வெள்ளவத்தை வீட்டில் நாங்கள் முதலில் செய்தது குசினியை மாற்றியதுதான். சிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கக் கையை உயர்த்தவோ பாரம் தூக்கவோ கஷ்டம். அதனால் மேல்தட்டில் இருந்த மிளகாய்த்தூள் போத்தல், தேயிலை டின், அரிசி அளக்கிற சுண்டு எல்லாம் இடுப்பளவுக்கு இறங்கின. தேங்காய் துருவுவது அத்தான் தலையில். (முதல் நாள் பூவோடு சிரட்டையும் சேர்ந்து வந்தது!)

உடுப்பு முக்கியம். தலைவழியாகப் போடுவது வேண்டாம். முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டை இரண்டு மூன்று எடுத்து வையுங்கள்.

அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், நீரிழிவு மாத்திரை, நாட்டு மருந்து என்று எது எடுத்தாலும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மருந்து மட்டைகளையே பையில் போட்டுக் கொண்டு போனால் பெயர் தடுமாறாது.

பட்டினி இருக்கும் நேரத்தை வார்ட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம், தண்ணீருக்கு 2. பால் தேநீர் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும், தண்ணீரில் சேராது. அக்காவுக்கு அதுதான் பெரிய துக்கம்.

நகப்பூச்சை அழியுங்கள், தாலிக்கொடியைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் 138 பஸ் இருக்கிறது. திரும்பி வரும் நாளுக்கு மட்டும் வாகனம் பிடியுங்கள்.