ருமேனிய மொழியில் ஊர் ராகத்தைக் காதால் பிடிப்பது எப்படி

ருமேனிய மொழி பேசுகிற ஒருவர் எந்தப் பக்கத்து ஆள் என்று காதாலேயே கண்டுபிடிக்க வேண்டுமா? ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை மட்டும் முதலில் கவனியுங்கள். நமக்கு 'வந்தாளா' என்று கடைசியில் ஓர் 'ஆ' ஒட்டினால் போதும், ராகம் எப்படிப் போனாலும் அது கேள்விதான். அங்கே அந்த வசதி கிடையாது. 'வீனெ மாமா' என்றால் 'அம்மா வருகிறாள்'; அதைக் கேள்வியாக்க ஒரு சொல்கூடக் கூட்ட வேண்டாம், குரலை மாற்றினால் போதும். அதனால்தான் நம் காது இதைத் தவறவிடுகிறது, குரலை நம்பி நமக்குப் பழக்கமில்லை.

இந்த 'வீனெ மாமா?'வையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மாமா'வில் அழுத்தம் முதல் அசையில், அதற்குப் பின்னால் ஓர் அசை மிச்சம் இருக்கிறது. தெற்கே தலைநகரமான புக்கரெஸ்ட்காரர் கேட்டால் பொதுவாக அந்தக் கடைசி அசை மேலே ஏறி அங்கேயே நிற்கும். வடமேற்கே திரான்சில்வேனியாவில், க்ளுஜ் நகரப் பக்கம், முதல் 'மா' உச்சிக்குப் போய், அடுத்த 'மா'வில் குரல் சரிந்து கீழே வரும். தெற்கத்தி ராகத்தில் மொழியைப் படித்தவருக்கு இது கேள்வியாகவே படாமல் போகலாம்.

'அய் மன்காத்?' (சாப்பிட்டாயா?) மாதிரி கடைசி அசையிலேயே அழுத்தம் விழும் வாக்கியத்தை வைத்துப் பழகாதீர்கள், குரல் சரிய அங்கே இடமே இல்லை. இன்னொன்று, இதுதான் பலரைக் குழப்பும்: பேசுபவர் 'வீனெ'வை அழுத்தி, 'வருகிறாளா, இல்லையா' என்ற பொருளில் கேட்டால் புக்கரெஸ்ட்டிலும் கடைசியில் ஏறி இறங்கும். ஆக, எந்தச் சொல்லில் அழுத்தம் என்று பார்க்காமல் ஊரைச் சொல்லிவிடாதீர்கள். 'எங்கே', 'எப்போது' கேள்விகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவை பெரும்பாலும் உச்சியில் தொடங்கி இறங்குபவை.

சந்தேகம் வந்தால் பிராட் என்ற இலவச மென்பொருளில் பதிவைப் போட்டு, குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சுருதிக் கோட்டைப் பாருங்கள். ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 என்று எல்லை வைத்தால் கோடு பெரும்பாலும் தெளிவாக வரும்.

அப்புறம் மொல்தோவா; அந்தப் பெயருள்ள தனி நாடு அல்ல, ருமேனியாவின் வடகிழக்குப் பகுதி, அதாவது யாஷ் நகரப் பக்கம். அங்கேயும் குரல் ஏறுவதால் ராகத்தை மட்டும் வைத்து புக்கரெஸ்ட்டிலிருந்து பிரிப்பது கஷ்டம். அதற்கு உயிரெழுத்தைக் கேளுங்கள்: 'பீனெ' (நலம்) என்பது 'பீனி' என்று வந்தால் ஆள் அந்தப் பக்கம்தான்.