மலைகளை வகைப்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்பவர்களுக்கு மலை என்றால் வடமேற்கே நிற்கும் குனோங் ஜெராய்தான். கடாரத்தை நாடி வந்த கலங்களுக்கு அடையாளமாக நின்ற அம்மலையின் உயரம் 1217 மீட்டர். அதையே அளவுகோலாக வைத்து மற்ற மலைகளைத் தரம்பிரிப்பதில்தான் பிழை தொடங்குகிறது. சமவெளியில் தனித்து எழும் ஜெராய்க்கு உயரமும் புடைப்பு உயரமும் (ஓர் உச்சி தன்னைவிட உயர்ந்த நிலத்திலிருந்து எவ்வளவு தனித்து நிற்கிறது என்பதன் அளவு) ஏறக்குறைய ஒன்றே, மலைத்தொடர்களில் அப்படி அமைவதில்லை.

பெயரை நம்புவது எளிய தவறு. குனோங் என்றால் மலை, புக்கிட் என்றால் குன்று என்று பள்ளியில் படித்ததை அப்படியே பட்டியலில் ஏற்றினால், 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கின் புக்கிட் பெண்டேரா குன்றாகவும், அலோர் ஸ்டார் அருகே 218 மீட்டரே உள்ள குனோங் கெரியாங் மலையாகவும் நின்றுவிடும்.

புடைப்பு உயரத்தை அடிவாரத்திலிருந்து அளப்பது இதைவிடப் பெரிய தவறு. ஓர் உச்சியிலிருந்து அதைவிட உயர்ந்த நிலத்துக்குச் செல்லும் வழிகளுள் மிகக் குறைவாக இறங்க வேண்டியதைத் தேர்ந்து, அவ்வழியின் மிகத் தாழ்ந்த கணவாய்வரை எத்தனை மீட்டர் இறங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். அடிவாரத்து ஊருக்கும் அந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை. மலேசியத் தீபகற்பத்தில் 7000 அடியைக் கடந்த ஏழு மலைகளை மலையேறிகள் 'ஜி7' என்பார்கள். அவற்றுள் 2173 மீட்டர் உயரமுள்ள காயோங், 2183 மீட்டர் உயரமுள்ள கொர்புவோடு ஒரே முகட்டில் இணைந்தது. உயரப் பட்டியலில் இரண்டும் சமமான உறுப்பினர்கள். புடைப்பு உயரத்தின்படி காயோங் வெகுவாகக் கீழிறங்கிவிடும். அடியை மீட்டராக்கும்போதும் கவனம் தேவை. 7000 அடி என்பது ஏறத்தாழ 2134 மீட்டர். அதைச் சுருக்கி 2100 என்று எழுதிவிட்டால், 2110 மீட்டர் உயரமுள்ள கேமரன் மலைப்பகுதியின் இராவ் உள்ளே நுழைந்துவிடும்.

தோட்டப்புறத்துச் சிறு குன்றுகளை அளப்பவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. செயற்கைக்கோள் உயரத் தரவுகள் பல, அடர்ந்த காட்டில் தரையை அல்ல, மரக்கிளைகளின் மேற்பரப்பையே ஓரளவு காட்டுகின்றன. உச்சியில் காடு நிற்க, கணவாயில் மறுநடவுக்காக மரங்கள் வெட்டப்பட்டிருந்தால், மரத்தின் உயரமும் குன்றின் புடைப்பு உயரத்தோடு சேர்ந்துவிடும். ஐம்பது மீட்டர் மேட்டில் பத்து மீட்டர் பிழை சிறியதன்று. உச்சியைச் சரிபார்க்க மூன்று முறை ஏறுகிறவர்கள்கூடக் கணவாயை ஒருமுறையும் சரிபார்ப்பதில்லை என்பதே என் குறை.

தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையான தஹானுக்கு 2187 மீட்டர் உயரத்தையே புடைப்பு உயரமாகவும் எழுதுவது மற்றொரு பிழை. போர்னியோத் தீவிலுள்ள கினபாலு மலைக்கு 4095 மீட்டரும் முழுமையாக உரியது, ஏனெனில் அங்கிருந்து உயர்ந்த நிலத்துக்குப் போகக் கடலைக் கடந்தாக வேண்டும். தஹானிலிருந்து தென் தாய்லாந்தின் ஒடுங்கிய நிலப்பகுதியான கிரா பூசந்தி வழியாக ஆசியப் பெருநிலம்வரை கால் நனையாமல் நடந்துவிடலாம். அவ்வழியின் தாழ்ந்த நிலம் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால், அந்த உயரத்தைக் கழித்தே எழுத வேண்டும்.